முத்திரை இருந்தால் மட்டும் போதுமா?



திருச்சியிலிருந்து திண்டுக்கல் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள ஊர் மணப்பாறை. முறுக்குக்கும் மாட்டுச் சந்தைக்கும் பெயர் போன ஊர். அங்கே ஒரு பள்ளியில் அறிவியல் கண்காட்சிக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்தபோது நானும் உடனிருந்தேன். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி மண்ணின் ஈரத்தை அளந்து காட்டும் கருவி ஒன்றைச் செய்திருந்தாள். கிணற்றுப் பாசனத்தை நம்பியிருக்கும் வறண்ட பகுதிக்கு ஏற்ற கருவிதான். சில நூறு ரூபாய்க்கு வாங்கிய சிறு மின்னணுப் பலகை அதன் மூளை. அதை யு.எஸ்.பி. கம்பி வழியாகக் கணிப்பொறியில் இணைத்தாள். கணிப்பொறி அதைக் கண்டுகொள்ளவில்லை. திரையில் மஞ்சள் முக்கோணமும் அதற்குள் ஓர் ஆச்சரியக்குறியும் தோன்றின. "டிரைவர் இல்லை" என்பது அதன் பொருள்.

உடனே அவள் இணையத்தில் தேடி, ஏதோ ஒரு தளத்திலிருந்து டிரைவர் ஒன்றை இறக்கினாள். நிறுவத் தொடங்கியதும், "இந்த மென்பொருளை வெளியிட்டவர் யார் என்று சரிபார்க்க முடியவில்லை" என்ற எச்சரிக்கை வந்தது. அருகிலிருந்த பழைய மாணவர் ஒருவர், "அந்தச் சோதனையை அணைச்சுட்டா ஏறிடும் சார். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றார். மாணவி என் முகத்தைப் பார்த்து, "அணைக்கலாமா, சார்?" என்று கேட்டாள்.

எளிய கேள்விதான். ஆனால் அந்தக் கணிப்பொறி பள்ளி அலுவலகத்துக்கும் பயன்படுவது. கல்வித்துறையின் எமிஸ் தளத்தில் மாணவர்களின் விவரங்களை ஏற்றுவது அதன் வழியாகத்தான். ஆகவே "அணைக்கலாம்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "ஏன் கூடாது?" என்று அவள் கேட்டபோது ஒரே வரியில் விடை சொல்லவும் முடியவில்லை. அந்த விடையைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

டிரைவர் என்றால் என்ன?

யு.எஸ்.பி. முறையின் முதல் விதித்தொகுப்பு 1996-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியாயிற்று. அதை உருவாக்கியவர்களில் முக்கியமான ஒருவர் இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய, இந்தியாவில் பிறந்த அஜய் பட். அதற்கு முன்பு அச்சுப்பொறிக்கு ஒரு துளை, சுட்டெலிக்கு ஒரு துளை, விசைப்பலகைக்கு ஒரு துளை என்று கணிப்பொறியின் முதுகு முழுவதும் வெவ்வேறு துளைகள் இருந்தன. அவற்றையெல்லாம் ஒரே துளையாக்கியது யு.எஸ்.பி.

ஒரு கருவியை யு.எஸ்.பி. துளையில் செருகியவுடன் கணிப்பொறி அதனிடம், "நீ யார்?" என்று கேட்கிறது. கருவி இரண்டு எண்களைச் சொல்கிறது. ஒன்று செய்தவரின் எண். மற்றொன்று பொருளின் எண். தான் எந்த வகையைச் சேர்ந்தது என்பதையும் சொல்கிறது. விசைப்பலகை, சுட்டெலி, பென்டிரைவ் போன்ற பொது வகைகளுக்கு வேண்டிய மென்பொருள் கணிப்பொறியிலேயே முன்கூட்டி இருக்கும். அதனால்தான் புதிய சுட்டெலியைச் செருகினால் உடனே வேலை செய்கிறது. பொது வகையில் சேராத கருவி என்றால், அதன் மொழி அறிந்த தனி மென்பொருள் ஒன்று தேவை. அதுவே டிரைவர், தமிழில் இயக்கி என்பர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீங்கள் பயன்படுத்தும் விளையாட்டோ, படம் வரையும் நிரலோ கணிப்பொறியின் வெளித்திண்ணையில் இருந்து வேலை செய்வது. அது தவறு செய்தால் அது மட்டும் நின்றுபோகும். டிரைவர்களில் பல அப்படியல்ல. அவை கெர்னல் எனப்படும் கருப்பகுதிக்குள், அதாவது வீட்டின் உள்ளறைக்குள் இருந்து வேலை செய்கின்றன. நினைவகம் முழுவதும், வட்டு முழுவதும், நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு விசையும் அவற்றின் கைக்கு எட்டும். அங்கே ஒரு பிழை நேர்ந்தால் கணிப்பொறியே முடங்கும். அங்கே ஒரு திருடன் புகுந்தால் வீடு முழுவதும் அவனுடையது. எனவே டிரைவரை நிறுவுவது என்பது உள்ளறைச் சாவியை ஒருவரிடம் கொடுப்பதற்குச் சமம்.

கையொப்பம் எப்படி இடப்படுகிறது?

உள்ளறைக்கு வருபவர் யார் என்று கேட்பதற்காக ஏற்பட்டதே டிஜிட்டல் கையொப்பம். அது பேனாவால் போடும் கையெழுத்தின் படம் அன்று. முழுக்க முழுக்கக் கணிதம்.

முதற்படி, சுருக்கம் எடுத்தல். டிரைவர் கோப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அதைக் கணக்கிட்டு 256 பிட் நீளமுள்ள ஓர் எண்ணாகச் சுருக்கும் முறைகள் உண்டு. இதைக் கோப்பின் கைரேகை எனலாம். கோப்பில் ஒரே ஓர் எழுத்தை மாற்றினாலும் கைரேகை முற்றிலும் மாறிவிடும்.

இரண்டாம் படி, அந்தக் கைரேகையைப் பூட்டுதல். 1977-ஆம் ஆண்டில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் ஆகிய மூவர் வகுத்த முறை இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. அதன் அடிப்படை நீங்கள் படித்த பகா எண்கள்தாம். 89, 97 ஆகிய இரண்டையும் பெருக்கச் சொன்னால் 8633 என்று உடனே சொல்லிவிடுவீர்கள். ஆனால் 8633-ஐக் கொடுத்து, எந்த இரு பகா எண்களின் பெருக்கற்பலன் என்று கேட்டால் சற்று நேரம் திணறுவீர்கள். 600 இலக்கங்களுக்கு மேற்பட்ட எண்ணைக் கொடுத்துக் கேட்டால், இன்றுள்ள கணிப்பொறிகளாலும் நடைமுறையில் விடை காண முடியாது. போவதற்கு எளிது; திரும்புவதற்கு அரிது. இந்த ஒருவழிப் பாதையைக் கொண்டு இரண்டு திறவுகோல்களைச் செய்கிறார்கள். ஒன்று இரகசியமானது, டிரைவர் செய்தவரிடம் மட்டும் இருக்கும். மற்றொன்று எல்லோருக்கும் தெரிந்தது. இரகசியத் திறவுகோலால் இட்ட கையொப்பத்தைப் பொதுத் திறவுகோலால் எவரும் சரிபார்க்கலாம். ஆனால் பொதுத் திறவுகோலைக் கொண்டு புதிதாகக் கையொப்பம் இட முடியாது.

மூன்றாம் படி, "இந்தப் பொதுத் திறவுகோல் இன்னாருடையதுதான்" என்று சான்று கூறுதல். அதற்குச் சான்றளிக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றில் எவற்றை நம்பலாம் என்ற பட்டியல் உங்கள் கணிப்பொறியில் முன்னரே பதிந்திருக்கிறது.

டிரைவரை நிறுவும்போது கணிப்பொறி இந்த மூன்று படிகளையும் திருப்பிச் செய்து பார்க்கிறது. எல்லாம் பொருந்தினால் கதவைத் திறக்கிறது. 64 பிட் விண்டோஸ் விஸ்டா வெளிவந்த காலத்திலிருந்து கெர்னலில் ஏறும் டிரைவருக்குக் கையொப்பம் கட்டாயமாயிற்று. 2016-இல் வெளியான விண்டோஸ் 10-இன் 1607 என்னும் பதிப்பு முதல், புதிய கெர்னல் டிரைவர்கள் மைக்ரோசாப்ட்டின் கையொப்பத்தையே பெற வேண்டும் என்பது பொதுவிதி.

முத்திரை சொல்வதும் சொல்லாததும்

மணப்பாறைக் கடைத்தெருவில் எடைக்கல்லைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஈயத்தில் ஒரு முத்திரை குத்தியிருக்கும். தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் சோதித்ததற்கு அடையாளம் அது. அந்த முத்திரை என்ன சொல்கிறது? "இந்தக் கல் சோதிக்கப்பட்டபோது சரியான எடை இருந்தது" என்று சொல்கிறது. கடைக்காரர் நல்லவர் என்று அது சொல்வதில்லை. தட்டின் அடியில் புளி ஒட்டியிருக்கவில்லை என்றும் சொல்வதில்லை.

டிரைவரின் கையொப்பமும் அப்படியே. அது இரண்டே செய்திகளைச் சொல்கிறது. ஒன்று, இதற்குக் கையொப்பமிட்ட திறவுகோல் இன்னாருடையது. இரண்டு, கையொப்பமிட்ட பிறகு இதில் ஓர் எழுத்தும் மாறவில்லை. இது நல்லது, பிழையற்றது, உனக்குத் தீங்கு செய்யாது என்றெல்லாம் அது சொல்லவில்லை. ஆனால் நம்மில் பலர் முத்திரையைக் கண்டால் நற்சான்றிதழ் என்றே எடுத்துக்கொள்கிறோம். இந்த மயக்கத்தால் என்ன நேரும் என்பதற்கு நான்கு உண்மை நிகழ்ச்சிகளைக் காண்போம்.

களவுபோன முத்திரை

2010-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பெலாரஸ் நாட்டு நச்சுநிரல் தடுப்பு நிறுவனம் ஒன்று புதுவகை நச்சுநிரலைக் கண்டது. ஸ்டக்ஸ்நெட் என்று பெயர் பெற்ற அது பென்டிரைவ்கள் வழியாகப் பரவியது. ஈரான் நாட்டின் நடான்ஸ் என்னும் இடத்தில் யுரேனியம் செறிவூட்டும் சுழல் எந்திரங்களைப் பழுதாக்குவதே அதன் இலக்கு என்பது பின்னர் தெரியவந்தது. போகும் வழியில் இந்தியா உட்படப் பல நாடுகளின் கணிப்பொறிகளிலும் அது புகுந்தது.

அதன் டிரைவர்கள் எச்சரிக்கை எதுவும் எழாமல் உள்ளறைக்குள் நுழைந்தன. எப்படி? அவற்றில் ரியல்டெக் என்னும் தைவான் நிறுவனத்தின் உண்மையான கையொப்பம் இருந்தது! அந்தச் சான்றிதழ் நீக்கப்பட்டதும், ஜேமைக்ரான் என்னும் மற்றொரு தைவான் நிறுவனத்தின் கையொப்பத்தோடு அடுத்த டிரைவர் வந்தது. இந்த நிறுவனங்கள் அதைச் செய்யவில்லை. அவற்றின் இரகசியத் திறவுகோல்கள் களவுபோயிருந்தன. கணிதம் தோற்கவில்லை, பூட்டு உடையவில்லை. சாவி கைமாறியது, அவ்வளவுதான்.

முத்திரைக்கு உரியவரே செய்த தீங்கு

இரண்டாவது நிகழ்ச்சி, நம் மாணவியின் பலகைக்கு மிக நெருங்கியது. யு.எஸ்.பி. கம்பியில் வரும் செய்தியைச் சிறு கருவிகளுக்குப் புரியும்படி மாற்றித் தரும் சில்லுகளை ஸ்காட்லாந்தில் உள்ள எஃப்.டி.டி.ஐ. என்ற நிறுவனம் செய்கிறது. அவற்றின் போலிகள் உலகெங்கும் விற்பனையாயின. 2014-ஆம் ஆண்டு அக்டோபரில் அந்நிறுவனத்தின் புதிய டிரைவர் ஒன்று விண்டோசின் தானியங்கிப் புதுப்பித்தல் வழியாகவே வந்தது. முறையான கையொப்பம் உடையது. போலிச் சில்லு ஒன்றைக் கண்டால் அதன் பொருள் எண்ணைச் சுழியாக்கியது அந்த டிரைவர். அதன் பின் எந்தக் கணிப்பொறியில் செருகினாலும் அந்தக் கருவியை வழக்கமான டிரைவர் அடையாளம் காணாது.

போலி செய்வது குற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் தண்டனை யாருக்குக் கிடைத்தது? போலி என்று தெரியாமலே கருவியை வாங்கிய மாணவருக்கும், சிறு தொழில் செய்பவருக்கும். எதிர்ப்பு எழுந்ததும் அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. இங்கே முத்திரை உண்மை. முத்திரைக்கு உரியவரும் உண்மையானவர். செயல்தான் தவறு.

ஒரு வெள்ளிக்கிழமை

2024-ஆம் ஆண்டு ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குப் பேனாவால் எழுதிய நுழைவுச் சீட்டுகள் கொடுக்கப்பட்ட படங்களை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். அன்று உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத்திரையோடு நின்றுவிட்டன என்று மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது. காரணம் நச்சுநிரல் அன்று. நச்சுநிரலைத் தடுப்பதற்காகக் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு கோப்பு. அந்நிறுவனத்தின் டிரைவர் முறைப்படி கையொப்பம் பெற்றது. ஆனால் அந்த டிரைவர் படிக்கும் தகவல் கோப்பு நாள்தோறும் மாறுவது. 20 உள்ளீடுகள் மட்டும் இருந்த இடத்தில் 21-ஆவதைத் தேடச் சொன்னது அன்று வந்த கோப்பு. டிரைவர் இல்லாத இடத்தில் கைவைத்தது. கெர்னலில் நடந்த பிழையாதலால் கணிப்பொறியே விழுந்தது. கல்லுக்கு முத்திரை உண்டு. தட்டில் அன்றாடம் வைக்கும் பொருளுக்கு முத்திரை இல்லை என்பது போன்றது இது.

முத்திரை குத்தும் இடமே தவறினால்?

நான்காவது நம் நாட்டில் நடந்தது. டிரைவர் பற்றியது அன்று, இணையதளங்களின் சான்றிதழ் பற்றியது. எனினும் அடிப்படை ஒன்றே. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அவ்வாண்டு அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி, சான்றளிக்கும் நிறுவனங்களை மேற்பார்க்க மத்திய அரசில் ஒரு கட்டுப்பாட்டு அலுவலர் இருக்கிறார். அவருடைய ஒப்புதல் பெற்றுச் சான்றிதழ் வழங்கிய அமைப்புகளுள் தேசியத் தகவல் மையமும் ஒன்று. 2014-ஆம் ஆண்டு ஜூலைத் தொடக்கத்தில், கூகுள் நிறுவனத்தின் தளங்களுக்கு அந்நிறுவனம் கேட்காமலே அம்மையத்தின் பெயரில் சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருப்பதைக் கூகுள் கண்டுபிடித்து அறிவித்தது. அவை தவறானவர் கையில் இருந்தால், போலித் தளத்தையும் கணிப்பொறி உண்மையான தளம் என்று நம்பிவிடும். கட்டுப்பாட்டு அலுவலகம் ஜூலை 3 அன்று மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களை நீக்கியது. மைக்ரோசாப்டும் சில நாட்களில் அவற்றை நம்பத்தகாதவை என்று அறிவித்தது.

ஆகவே, முத்திரை வைத்திருப்பவர் தவறலாம். முத்திரை களவு போகலாம். முத்திரை கொடுக்கும் அலுவலகமே வழுக்கலாம்.

அப்படியானால் சோதனையை அணைத்துவிடலாமா?

இந்த நான்கையும் படித்தபின், "முத்திரையால் என்ன பயன்? அணைத்துவிட்டுப் போகலாமே" என்று உங்களில் சிலர் எண்ணலாம். அது தவறான முடிவு. கள்ளமுத்திரை இருக்கிறது என்பதற்காக முத்திரையே இல்லாத கல்லில் நாம் பொருள் வாங்குவோமா?

ஸ்டக்ஸ்நெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்தவர்கள் திறவுகோல்களைத் தேடிக் களவாட வேண்டியிருந்தது. கையொப்பச் சோதனை இல்லாதிருந்தால் அந்த உழைப்பே தேவைப்பட்டிருக்காது. களவு தெரிந்ததும் சான்றிதழை நீக்க முடிந்ததும் கையொப்ப முறையால்தான். யார் பெயரில் வந்தது என்று பின்னால் ஆராய முடிந்ததும் அதனால்தான். பூட்டு எல்லாத் திருடனையும் தடுப்பதில்லை. ஆனால் தெருவில் போகிறவனெல்லாம் உள்ளே வராதபடி தடுக்கிறது. பள்ளிக் கணிப்பொறிக்கு வரும் ஆபத்துகளில் பெரும்பாலானவை தெருவில் போகிறவை தாம்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டிரைவரின் கையொப்பம் கணிப்பொறியில் ஏறும் மென்பொருளைத்தான் காக்கிறது. கருவிக்குள் இருக்கும் நிரலை அது பார்ப்பதில்லை. பென்டிரைவ் போலத் தோன்றும் ஒரு பொருள், "நான் விசைப்பலகை" என்று சொன்னால் கணிப்பொறி நம்பிவிடும். பிறகு அது யாரோ தட்டச்சு செய்வது போலத் தானே கட்டளைகளை அனுப்பலாம். 2014-இல் ஜெர்மனி நாட்டு ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள். புதிய டிரைவர் தேவையில்லை. ஆகவே கையொப்பம் பற்றிய கேள்வியே எழாது. வழியில் கிடந்த பென்டிரைவைச் செருகக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். சோதனை தேவை என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் யாரை உள்ளே விடலாம் என்று முடிவு செய்யும் உரிமை, கணிப்பொறியின் உரிமையாளருக்கு எட்டாத தொலைவில் உள்ள ஒரே நிறுவனத்திடம் இருப்பது முறையன்று.

மணப்பாறை முறுக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. இன்ன ஊரில் இன்ன முறையில் செய்தது என்பதற்கு அது ஓர் அடையாளம். அதைக் கேட்டுப் பெற்றவர்கள் செய்தவர்களே. எண்ணிப் பாருங்கள்: நாளை உங்களில் ஒருவர் இந்த ஊரிலேயே யு.எஸ்.பி. கருவி ஒன்றைச் செய்து விற்க விரும்பினால், அதன் கெர்னல் டிரைவருக்கு ஆண்டுதோறும் கட்டணம் செலுத்திச் சான்றிதழ் வாங்கி, வெளிநாட்டு நிறுவனத்தின் வாயில் வழியாகவே ஒப்புதல் பெற வேண்டும். பெரிய தொழிற்சாலைக்கு இது சிறு செலவு. சிறு முயற்சிக்கு இது பெருஞ்சுவர்.

வேறு வழி உண்டா? உண்டு. லினக்ஸ் முறையில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. அவற்றின் மூலநிரலை எவரும் படிக்கலாம். பிழை கண்டால் சொல்லலாம். சேர்ப்பதற்கு முன் பலர் கண்ணில் படுகிறது. அங்கும் கையொப்பச் சோதனை உண்டு. ஆனால் உரிமையாளர் தம் சொந்தத் திறவுகோலைத் தாமே உண்டாக்கி, தம் கணிப்பொறியில் பதிந்து, தாம் நம்பும் டிரைவருக்குத் தாமே கையொப்பம் இடவும் அங்கே வசதி இருக்கிறது. சோதனையை அணைக்காமலே உரிமையைக் காத்துக்கொள்ளும் வழி இது. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இந்த மரபைச் சேர்ந்ததே. தமிழ்நாடு அரசு 2011 முதல் வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் அதுவும் இருந்தது. எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தோம்?

"உரிமையாளரிடம் சாவி கொடுத்தால், அவரை ஏமாற்றித் திருடன் உள்ளே வந்துவிட மாட்டானா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. உண்மையில் ஏமாற்றப்படுபவர்கள் இருப்பார்கள். ஆனால் அதற்கு மருந்து சாவியைப் பிடுங்குவதன்று. சாவியின் மதிப்பைக் கற்பிப்பது. விரல் சுடும் என்று அடுப்பையே வீட்டிலிருந்து எடுத்துவிடுகிறோமா? எடுக்கும் வழியைக் கடினமாக வைக்கலாம், எச்சரிக்கலாம், ஆனால் அடியோடு மறுக்கக் கூடாது.

அதுபோலவே, பள்ளிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் கருவி வாங்குவோர் ஒன்றைக் கேட்க வேண்டும். பொது வகை டிரைவரிலேயே வேலை செய்யும் கருவியா? இல்லையென்றால், அதன் டிரைவர் திறந்த மூலநிரலாகக் கிடைக்கிறதா? இந்த இரண்டு கேள்விகளைக் கேட்டு வாங்கினால், செய்தவர் கடையை மூடிய பிறகும் கருவி பயன்படும். கேட்காமல் வாங்கினால், புதிய விண்டோஸ் வந்ததும் நல்ல நிலையில் உள்ள வருடியும் அச்சுப்பொறியும் மூலைக்குப் போகும்.

உங்கள் கையொப்பம் உங்கள் கையில்

இது கணிப்பொறி வல்லுநர்களுக்கு மட்டும் உரிய செய்தியன்று. உங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஒப்பந்தப்புள்ளி கோருவோர், நிறுவனக் கணக்குத் தாக்கல் செய்வோர் முதலியவர்களுக்கு இன்று டிஜிட்டல் கையொப்பம் தேவைப்படுகிறது. அதன் இரகசியத் திறவுகோல் பென்டிரைவ் போன்ற சிறு யு.எஸ்.பி. டோக்கனுக்குள் இருக்கும். திறவுகோலை வெளியே படியெடுக்க முடியாதபடி அது செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் டோக்கனையே பிறரிடம் கொடுத்து, அதன் கடவு எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிக் கொடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். வெற்றுத்தாளில் கையெழுத்திட்டுக் கொடுப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. திறவுகோலைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கத் தக்க கவனம் எடுக்க வேண்டியது உரியவரின் கடமை என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு கூறுகிறது. அந்த டோக்கனை இயக்கும் மென்பொருளையும் கண்ட தளத்திலிருந்து இறக்கினால், கையொப்பத்தைக் காக்கும் பெட்டிக்குத் திருடனையே காவல் வைத்தது போலாகும். உங்கள் தந்தையாரோ தாயாரோ அத்தகைய டோக்கன் வைத்திருந்தால், இதை நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்.

மணப்பாறை மாணவிக்குச் சொன்ன விடை

அன்று பள்ளியில் சோதனையை நாங்கள் அணைக்கவில்லை. டிவைஸ் மேனேஜர் என்ற பகுதியில் அந்தப் பலகை தன்னைப் பற்றிச் சொன்ன இரு எண்களைப் பார்த்தோம். செய்தவர் எண் 1ஏ86, பொருள் எண் 7523. அவற்றைக் கொண்டு தேடியதில் அது சி.எச். 340 என்னும் சீனச் சில்லு என்று தெரிந்தது. அதைச் செய்யும் நிறுவனத்தின் கையொப்பமிட்ட டிரைவரை உரிய இடத்திலிருந்தே பெற்றோம். கையொப்பம் யாருடையது என்று பண்புகள் பக்கத்தைத் திறந்து படித்தோம். பிறகே நிறுவினோம். ஆய்வகத்தின் ஓரத்தில் இருந்த பழைய லினக்ஸ் கணிப்பொறியில் அதே பலகையைச் செருகியபோது, எதையும் நிறுவாமலே வேலை செய்தது. ஏன் என்று அவளே கேட்டு, அவளே தேடித் தெரிந்துகொண்டாள். எல்லாம் சேர்ந்து அரைமணி நேரம். முதலில் இறக்கிய அந்த டிரைவர் கோப்பை அழித்துவிட்டோம். அதற்குள் என்ன இருந்தது என்பது எங்களுக்குத் தெரியாது; தெரிந்துகொள்ளப் பள்ளிக் கணிப்பொறியைப் பணயம் வைக்க நாங்கள் ஆயத்தமாக இல்லை.

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்று ஒரு பழமொழி உண்டு. மாட்டுச் சந்தைக்கு அது பொருந்தலாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் டிரைவருக்குப் பொருந்தாது. அங்கே பல்லைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். யாருடைய முத்திரை என்று படியுங்கள். அவரிடமிருந்தே வந்ததா என்று கேளுங்கள். இந்தக் கருவிக்கு இந்த டிரைவர் உண்மையிலேயே தேவையா என்றும் எண்ணுங்கள்.

உங்கள் பள்ளியிலோ வீட்டிலோ உள்ள ஒரு கணிப்பொறியில், ஏதேனும் ஒரு யு.எஸ்.பி. கருவியின் டிரைவருக்குக் கையொப்பம் இட்டவர் யார் என்று இந்த வாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலைதான். உள்ளறைச் சாவியை யாரிடம் கொடுத்திருக்கிறோம் என்பது வீட்டுக்கு உரியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?